நாலு மணி நேரத் தட்டு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "அவசரம் வந்தாச்சா?" "அவசரத்தைக் கேளு, அதுக்குத் தெரியும்." சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்காமல் போவாள். இந்தப் பெயரை முதலில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டாளாம். அம்மா வயிற்றில் இருக்கக்கூட இதுக்குப் பொறுமையில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்போது பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போலத்தான் நடப்பாள். லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டாள், மாடிப்படிதான். பஸ் நிற்பதற்குள் ஒரு கால் படியில் இருக்கும். யாராவது ஆற அமரக் கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவை இவள் சொல்லிவிடுவாள், அதிலும் பாதி தடவை தப்பாக. "சாப்பிடும்போதாவது உக்காரேன்" என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், இப்போது அவரும் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டார்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் எந்த வேலையில் உட்கார வைத்தார்கள் தெரியுமா? கிருமி வளர்க்கிற வேலையில். உலகத்தில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், அதை அவளே ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ரத்தத்தில் கிருமி கலந்த நோயாளியிடம் ரத்தம் எடுத்து, கிருமிக்கு வேண்டிய சத்து நீர் அடைத்த பாட்டிலில் ஊற்றி லேபுக்கு அனுப்புவார்கள். பாட்டிலை ஒரு வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கிருமி பெருகினால் பெட்டி கூவும். பிறகு அதை எடுத்து, சத்துக் கூழ் உறைந்த மூடி போட்ட தட்டில் தடவி ஒரு நாள் வளர்க்க வேண்டும். வளர்ந்ததை இன்னொரு தட்டில் தடவி, அதன்மேல் மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து மேலும் ஒரு நாள் காக்க வேண்டும். வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிந்த வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கும். வில்லையை ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தால் அந்த மருந்தை அது மென்று தின்றுவிட்டது என்று அர்த்தம்.

இத்தனையும் முடிந்து மூன்றாம் நாள் அவள் வார்டுக்குப் போன் செய்வாள். சில நோயாளிகள் தேறி உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்கு, "அந்தப் பேஷண்ட் நேத்தே போயிட்டாருங்க" என்று பதில் வரும். போனை வைத்துவிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த மருந்தைக் கொடுத்திருக்கலாமே, இதோ வட்டம் இவ்வளவு பெரிதாக விழுந்திருக்கிறதே என்று வயிறு எரியும். அன்றைக்கெல்லாம் யார் பேசினாலும் வள்ளென்று விழுவாள்.

அதனால்தான் லேப் தலைவியான டாக்டரம்மா புது முறையைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவரை இவள் விடவேயில்லை. பாட்டிலில் கிருமி முளைத்ததும் நேராக வில்லை வைக்கிற தட்டுக்குப் போய்விடலாம். நடுவில் ஒரு நாள் மிச்சம். வில்லைகளை வைத்து நாலு மணி நேரத்தில் படித்துவிடலாம். நாலில் தெளியாவிட்டால் ஆறில், அதிலும் இல்லாவிட்டால் எட்டில். காலையில் பெட்டி கூவினால் பொழுது சாய்வதற்குள் வார்டுக்குப் பதில் போய்விடும். "எப்ப ஆரம்பிக்கறோம் டாக்டர்?" என்று டாக்டரம்மாவை வராந்தாவில் பார்த்தாலும் கேட்பாள், கார் ஏறும்போதும் கேட்பாள். கடைசியில் அவர் சலித்துப்போய், தட்டைச் சூடாக வைத்திருக்க இதற்கென்றே தனியாக ஒரு சின்ன இன்குபேட்டரை வாங்கி மூலையில் வைத்துவிட்டார்.

அதில் ஒரே ஒரு கஷ்டம். நாலு மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாது. ரெண்டு நாள் வேலையை நாலு மணி நேரத்தில் செய்யச் சொல்லிக் கிருமியை விரட்டுகிறோம். சூடு கொஞ்சம் குறைந்தாலும் அது படுத்துவிடும். டாக்டரம்மா இதைச் சொன்னபோது எல்லாரையும் பார்த்துச் சொல்லவில்லை. இவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

லேபில் இன்னொரு வழக்கமும் உண்டு. தன் வீட்டு மனிதரின் ரத்தம் வந்தால் அதைத் தொடக் கூடாது, அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். கண் நிஜத்தைப் பார்க்காது, வேண்டியதைப் பார்க்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் என்றால் அவர்தான், பக்கத்து மேஜைக்காரர். அவருக்கு இவள் வைத்த பெயர் 'கல்லு'. மேலே கூரை பெயர்ந்து விழுந்தாலும் கையில் இருக்கிற தட்டைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். எதிரில் வைத்தே கல்லண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று காலை பெட்டி கூவியது. பாட்டிலை எடுத்த கல்லண்ணா சீட்டைப் படித்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இது உங்க அக்காவோடதும்மா. நீ இதுல கை வைக்காத."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்பதற்கு இனிமேல் வேறு சாட்சி வேண்டாம்.

அக்கா இவளுக்கு நேர் எதிர். தையல்காரி. ஒரு சட்டைக்குத் துணி கொடுத்தால் வாடிக்கைக்காரர் இளைத்துப் போவதற்கோ குண்டாகிவிடுவதற்கோ நேரம் கொடுத்துத்தான் தைத்துத் தருவாள், ஆனால் தைத்த தையல் பிரியாது. காய்ச்சலுக்கும் அதே நிதானம்தான். இடுப்பு வலி, நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல சரியாயிடும்டி" என்று மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை இவள் போய்ப் பார்த்தபோது பேச்சு குழறியது. அக்காவின் வீட்டுக்காரரான மாமா லாரி ஓட்டுகிறவர். அக்காவை அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் ஓட்டிய ஓட்டத்தில் இவளுக்கே தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் இறங்கியதும் ஸ்டியரிங் இல்லாத கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார் மனுஷன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் தானே லேபுக்கு இறங்கி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பெரிய மருந்து ஓடிட்டிருக்கு. பிரஷர் ஏறவே மாட்டேங்குது. கிருமி இந்த மருந்துக்குக் கேக்காத ரகமா இருக்கலாம்னு சந்தேகம். இதுக்கு மேல இருக்கிற மருந்து கிட்னியை அடிக்கும், இவங்களுக்கு ஏற்கெனவே கிட்னி இறங்கிட்டிருக்கு. நடுவுல வேற ஏதாவது கேக்குதான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். எப்ப தெரியும்?"

"நாலு மணி நேரத்துல" என்றார் கல்லண்ணா.

"அதுவரைக்கும் பிடிச்சு வெக்கறேன். அதுக்கு மேல தெரியாம உக்காந்திருக்க முடியாது. அந்த மருந்தை ஏத்திடுவேன்."

கல்லண்ணா மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைப் பார்த்தார், குச்சி குச்சியாக இளஞ்சிவப்புக் கிருமிகள். தட்டில் தடவினார், வில்லைகளை வைத்தார், மூலையில் இருந்த சின்ன இன்குபேட்டரில் வைத்துக் கதவை மூடினார். "போய் அக்காகிட்ட இரு" என்றார். போனாள். குழாயும் ஒயருமாகக் கிடந்த அக்காவைப் பார்க்க முடியாமல் உடனே திரும்பி வந்துவிட்டாள். கீழே வந்தால் இன்குபேட்டர். மேலே போனால் அக்கா. மாடிப்படி தேய்ந்தது. மற்ற நோயாளிகளின் வேலையை எடுத்தாள், ஒரே சீட்டை மூன்று முறை படித்தாள், மண்டையில் ஏறவில்லை. பேனாவைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடித்தாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், பிறகு கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.

பாதி நேரம் போயிருக்கும். குழந்தைகள் வார்டில் ஏதோ பாட்டில் சீட்டு மாறிவிட்டதென்று கல்லண்ணாவைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். லேபில் அவளும் அந்தச் சின்ன இன்குபேட்டரும் மட்டும்.

சும்மா கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கலாம் என்றுதான் கிட்டே போனாள். அந்தக் கதவுக்குக் கண்ணாடியே இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? திறந்தாள், பார்த்தாள், மூடினாள். தட்டில் ஒன்றுமில்லை, வெறும் மினுமினுப்பு. இத்தனை நேரமாகியும் ஒன்றுமில்லையா? வெளிச்சம் போதவில்லையோ? மறுபடி திறந்தாள். இந்தத் தடவை தட்டை வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பதினேழு வருஷமாகக் கிருமி வளர்ப்பவள், வரிசையில் நிற்கப் பொறுக்காத குழந்தை மாதிரி.

அந்த நேரம் பார்த்து மாமா கூப்பிட்டார். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"உங்க அக்கா என்னைப் பாத்து யாருன்னு கேக்கறாம்மா" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் விசும்பினார்.

"ஜுரத்துல அப்படித்தான் மாமா கேப்பாங்க. நீங்க பயப்படாதீங்க. ரிசல்ட் இப்ப வந்துடும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் வைக்கவில்லை. இவளுக்கும் வைக்க மனம் வரவில்லை. ராத்திரி மருந்து பாட்டிலை எத்தனை முறை மாற்றினார்கள், அக்கா என்ன சொல்லி முனகினாள் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ஏசி காற்று நேராக இறங்குகிற மேஜையில் தட்டு கிடந்தது. பேசி முடித்துத் திரும்பி அதைத் தொட்டபோது ஜில்லென்றிருந்தது. சட்டென்று எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒன்றும் ஆகியிருக்காது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கேட்பதற்கு அங்கே யாருமில்லை.

நேரம் வந்ததும் கல்லண்ணா தட்டை எடுத்தார். விளக்குக்குக் கீழே பிடித்தார். மூடியின் உட்பக்கம் பொடிப் பொடியாக நீர் கோத்திருந்தது. சூடாக இருந்த தட்டு வெளியே வந்து குளிர்ந்தால்தான் அப்படிக் கோக்கும். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், தட்டைப் பார்த்து முடிப்பதற்கு முன்பே. அதற்கு முன் அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

"வெளிய எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எத்தனை நேரம்?"

கிட்டே வந்து அவர் தோளுக்கு மேலாகத் தட்டைப் பார்த்தாள். மூச்சு பட்ட கண்ணாடிபோல ஒரு மங்கல், அதுவும் அங்கங்கே திட்டாக.

"ஆனா தெரியுதே அண்ணா. இதோ பாருங்க, இந்தப் பெரிய மருந்தைச் சுத்தி ஒண்ணுமே இல்ல. தெளிவா இருக்கு. கேக்குதுன்னு சொல்லிடலாம்."

"தட்டு முழுக்கவே இன்னும் வளரல. வளராத இடம் தெளிவா இல்லாம வேற எப்படி இருக்கும்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "இதைப் படிக்க முடியாதும்மா. இன்னும் ரெண்டு மணி நேரம் வெக்கணும்."

மேலே போன் செய்ததும் அவர்தான். அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். படிக்க முடியவில்லை, வளர்ச்சி போதவில்லை, இன்னும் ரெண்டு மணி நேரம். அந்தப் பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, நான் ஆரம்பிச்சிடறேன்" என்றார். கிட்னியை அடிக்கிற மருந்து அக்காவின் நரம்பில் ஏறியது.

அந்த ரெண்டு மணி நேரம் அவள் இன்குபேட்டர் பக்கமே போகவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். துப்புரவுப் பணியாளர் துடைத்த தரையை மிதித்துத் திட்டு வாங்கினாள், அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

ஆறாவது மணி நேரத்தில் தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. கல்லண்ணா அளவுகோலை வைத்து ஒவ்வொரு வட்டமாக அளந்தார். எது தெளிவு என்று அவள் காட்டினாளோ, அந்தப் பெரிய மருந்து வில்லையை ஒட்டிக்கொண்டு கிருமி கொழுத்து வளர்ந்திருந்தது. அவள் பேச்சைக் கேட்டிருந்தால் அக்கா அதே மருந்திலேயே போய்ச் சேர்ந்திருப்பாள். ஓரத்தில் இருந்த இன்னொரு வில்லையைச் சுற்றி அகலமாக, சந்தேகமே இல்லாமல் ஒரு வட்டம். கிட்னியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத மருந்து அது. மாற்றினார்கள். மறுநாள் காலை அக்காவின் பிரஷர் ஏறியது. அதற்கடுத்த நாள் மாமாவை யாரென்று கேட்கவில்லை, "ஏன் இப்படி ஷேவ் பண்ணாம நிக்கறீங்க?" என்று கேட்டாள்.

ஆனால் கிட்னி நின்றுவிட்டது.

டாக்டரம்மாவிடம் இவளே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவர் இன்குபேட்டருக்கு ஒரு பூட்டு வாங்கச் சொல்லிவிட்டு, சாவி கல்லண்ணாவிடம் இருக்கட்டும் என்றார். சிறுநீரக டாக்டரிடம் கேட்டாள். "ஒரு டோஸ்ல இவ்வளவு ஆகாது. ஏற்கெனவே இறங்கிட்டிருந்த கிட்னி." அப்படியானால் அந்த மருந்துக்குப் பங்கே இல்லையா? "அப்படியும் சொல்ல முடியாது." கண்ணாடி டாக்டரிடம் கேட்டாள், அவரும் சொல்ல முடியாது என்றார். கிட்னி திரும்பி வருமா, எப்போது வரும்? சொல்ல முடியாது. ஊரில் இருக்கிற அத்தனை டாக்டர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதில். நீதான் காரணம் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். நீ காரணமில்லை என்றிருந்தால் தூங்கியிருப்பாள். இரண்டுமில்லாமல் படுக்கையில் புரண்டாள். சமையலில் உப்பை இருமுறை போட்டாள். பஸ் நின்ற பிறகும் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் போய் இறங்கினாள்.

டயாலிசிஸ் அறையில் அக்காவை முதன்முதலாக நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த அன்று, மாமா டீ வாங்கப் போனார். பக்கத்தில் மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் ரத்தம் போவதும் வருவதும் தெரிந்தது. அக்கா மெலிந்து, உதடு வெடித்து, ஆனாலும் இவளைப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி, இன்னைக்கு உக்காந்திருக்க? உடம்பு சரியில்லையா?"

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் கொட்டிவிட்டாள். கதவைத் திறந்தது, தட்டை எடுத்தது, மாமாவின் போன், ஜில்லென்று ஆனது, மூடியில் நீர் கோத்தது, டாக்டர் ஏற்றிய மருந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அக்கா குறுக்கே பேசவில்லை. அவள் எப்போதும் குறுக்கே பேசுவதில்லை.

"முடிச்சிட்டியா?" என்றாள் கடைசியில்.

"ம்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீட்டுல உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"டாக்டர் என்ன சொல்றார்? உன்னாலதான்னு சொல்றாரா?"

"சொல்ல முடியாதுங்கறார்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. இவள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிற முகம்தான், ஆனால் அதில் கோபத்தை இவள் பார்த்ததில்லை. கோபம் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

"டாக்டருக்கே தெரியாத ஒண்ண இன்னைக்கு எதுக்கு எங்கிட்ட கொண்டாந்து கொட்டற?"

"மனசு தாங்கலக்கா."

"அதான். உனக்குத் தாங்கல. நான் இன்னைக்குத்தான் எழுந்து உக்காந்திருக்கேன். எனக்குத் தாங்குமான்னு யோசிச்சியா? வீட்டுக்குப் போயி, நாலு வாய் சாப்பிட்டு, ஒரு துணியை வெட்டற அளவுக்குக் கையில தெம்பு வந்ததும் சொல்லியிருக்கலாம். அதுவரைக்கும் நீ சுமந்திருக்கலாம். இனிமே இந்த மிஷின்ல உக்கார்றப்பல்லாம் நீ கதவைத் திறந்ததையே நெனச்சுக்கிட்டு உக்காரணும் நானு. இறக்கி வெச்சிட்டு நீ போயிடுவ."

அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கொட்டி முடித்த கணத்தில் நெஞ்சு லேசானது நிஜம்தான். அதை அக்கா எப்படியோ பார்த்துவிட்டாள்.

"தப்புதான்க்கா" என்று அக்காவின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடு. மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை நாற்காலியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுவும் இப்பவே வேணுமா உனக்கு?"

மாமா டீயோடு வந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளரை இவள் பக்கம் நகர்த்தி வைத்தார். மிஷின் நிற்க இன்னும் வெகு நேரம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.